‘பிற்போக்கு’ என்னும் ஒரு சொல் போதுமா?

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் மேடைகளில் கணக்கின்றிச் செலவாகும் சொற்களுள் ஒன்று ‘பிற்போக்கு’ என்பது. மன்னராட்சி மீள வேண்டும் என்பவன் பிற்போக்காளன். நிலவுச்சவரம்பை எதிர்க்கும் பெருநிலக்கிழானும் பிற்போக்காளன். அரசு தொழில் நடத்தலாகாது என்பவனும் அவனே. முன்னோர் சடங்கை விட மனமில்லாதவனும் அவனே. ஊர்ப் பழமரத்தை வெட்டாதீர் என்று குறுக்கே நிற்கும் கிழவியும் அப் பட்டியலிற் சேர்ந்துவிடுகிறாள். ஐந்து நோய்க்கு ஒரே பெயரிடும் மருத்துவன் ஐந்தில் ஒன்றையேனும் தீர்ப்பானா? மாற்றான் இன்னான் என்று அறியாமல் எறியும் சொல் அவன்மேற் படாது. எறிந்தவன் கைதான் ஓயும். ஆதலின், பழைமையைப் பற்றிநிற்கும் அரசியற் கொள்கைகளுக்கு உலகில் என்னென்ன பெயர்கள் எழுந்தன, அவற்றின் பொருள்நுட்பம் யாது, தமிழில் அவற்றை எவ்வாறு பிரித்து வழங்கலாம் என்பதே இன்றைய ஆய்வு.

முதலில் தெருவழக்கைப் பார்ப்போம் என்றால், அங்கே சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ‘கட்டுப்பெட்டி’ என்பர், ‘பழம்பஞ்சாங்கம்’ என்பர், ‘பத்தாம்பசலி’ என்பர், ‘வெறுங் கருநாடகம்’ என்பர். பசலி என்பது நிலவரிக் கணக்கின் ஆண்டுமுறை. மாற்றார் ஆட்சியில் வந்த அயற்சொல். ஆயினும் இவையெல்லாம் ஒருவனின் உடை, நடை, பழக்கம் ஆகியவற்றை எள்ளும் சொற்களேயன்றி அவன் அரசியலை அளக்கும் சொற்கள் அல்ல. கட்டுப்பெட்டியாக உடுத்துக்கொண்டு உழவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் உண்டு. புத்தம் புதிய மேனாட்டுடையில் வந்து குலத்தாழ்ச்சியை நிலைநாட்டியவரும் உண்டு. உடையை அளந்து உள்ளத்துக்கு விலை கூறலாகாது.

இனி, செந்தமிழ் நூல்வழக்கு. ‘பழைமை’ என்னும் பெயரில் திருக்குறளில் ஓர் அதிகாரமே உள்ளது; எண்பத்தொன்றாவது. அங்கே பழைமை என்பதற்குக் காலத்தால் மூத்தது என்பது பொருளன்று. நெடுநாள் பழகிய நட்பின் உரிமை என்பதே பொருள். தொல்காப்பியத்தின் இறுதியியல் மரபியல். முன்னோர் எப்பொருளை எச்சொல்லால் வழங்கினரோ அவ்வழியே வழங்குக என்னும் ஒழுங்கே அங்கு மரபெனப்படுவது. அதே தமிழில், பழஞ்சொற்கள் சில வழக்கொழிவதும் புதுச்சொற்கள் சில வழக்கேறுவதும் காலத்தின் இயல்பாதலின் குற்றமாகா என்று நன்னூலார் விதி வகுத்தார். ஒருவர் மரபைச் சொன்னார். மற்றவர் மாற்றத்தைச் சொன்னார். இருவரையும் ஒரே மாணவன் ஒரே பள்ளியிற் கற்றான். எனவே பழையதெல்லாம் இழிவு என்றோ, புதியதெல்லாம் உயர்வு என்றோ தமிழ் என்றும் கூறியதில்லை. பழந்தமிழ், பழங்குடி என்னும்போது ‘பழ’ என்னும் அடை பெருமை தருகிறது. பழஞ்சரக்கு என்னும்போது அதே அடை இழிவு தருகிறது. அடையில் ஒன்றுமில்லை, அது சார்ந்த பொருளில்தான் எல்லாம் உள்ளது.

மேலைநாட்டு அரசியற் பெயர்கள் பிறந்த வரலாறு சுவையானது. பிரித்தானியாவில் பழைமைக் கட்சியினரை இன்றும் ‘தோரி’ என்பர். அயர்லாந்து மொழியில் அஃது ஒளிந்து திரியும் வழிப்பறிக்காரனைக் குறித்த சொல். எதிரணியாகிய ‘விக்கு’ என்பதும் இசுக்காத்துலாந்துக் கால்நடையோட்டிகளின் பெயரிலிருந்து வந்த வசைதான். 1679 முதல் 1681 வரை, கத்தோலிக்கரான யார்க்குக் கோமகன் சேம்சு அரியணை ஏறலாமா என்று வழக்கெழுந்தபோது, இரு சாராரும் ஒருவரையொருவர் வைத நெருப்பில் இவ்விரு சொற்களும் கட்சிப் பெயர்களாக வெந்து வெளிவந்தன. வசையே பின்னர்ப் பட்டமாயிற்று.

‘வலம்’, ‘இடம்’ என்பன இருக்கையிற் பிறந்தவை. 1789-இல் பிரெஞ்சு நாட்டவையில், அரசனுக்குத் தடையாணை உரிமை வேண்டுமென்றோர் அவைத்தலைவரின் வலப்புறத்திலும், எதிர்த்தோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர். அமர்ந்த இடமே கொள்கைப் பெயராயிற்று. தமிழில் ‘வலம்’ என்பதற்கு வெற்றி, வலிமை என்னும் பொருள்கள் உண்டு. ‘இடம்’ என்பது பொதுவாக இருப்பிடத்தையும் குறிக்கும். அப்பொருள்கள் எவையும் இவ்வரசியல் வழக்கிற் புகா. சோழர் கல்வெட்டுகளில் வரும் வலங்கை, இடங்கை என்னும் பிரிவுகளும், 1707-இல் சென்னையில் அப்பிரிவினர் தெருவுரிமை பற்றி மோதிக்கொண்டதும் வேறு வரலாறு. பெயர் ஒத்தது கொண்டு பொருளை ஒன்றாக்குதல் பிழை.

பழைமை பேணும் கொள்கையின் தந்தை என்று பிற்காலத்தார் கொண்டாடுபவர் எட்மண்டு பர்க்கு. 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கடிந்து அவர் எழுதிய நூலே அக்கொள்கையின் மூலநூலாகக் கருதப்படுகிறது. வியப்பு என்னவெனில், அவர் தோரியல்லர், விக்குக் கட்சியினர். அமெரிக்கக் குடியேற்ற மக்களின் குறைகளுக்காக வாதாடியவர். வாரன் ஏசுடிங்சின் மேல் குற்றஞ்சாட்டி 1788 முதல் 1795 வரை நடந்த வழக்கில் முன்னின்றவர். அவ்வழக்கில் ஏசுடிங்சு விடுவிக்கப்பெற்றார் என்பது வேறு செய்தி.

இப் பர்க்கு தமிழ்நிலத்தைப் பற்றியும் பேசினார் என்பதை இங்கு எண்ணுதல் வேண்டும். 1785 பிப்பிரவரி 28-ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி அவர் நாடாளுமன்றத்தில் நெடிய உரை ஆற்றினார். கம்பெனியாரின் வட்டிக்காரர்கள் நவாபுக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்கெழுதி, அதனைக் குடிகளின் வரிப்பணத்திலிருந்து தண்டிக்கொண்ட கொடுமையை அவர் தோலுரித்தார். அவ்வுரையில் ஏரிகளின் பேச்சு வருகிறது. செங்கற்பட்டுப் பகுதியாகிய கம்பெனிச் சாகீரின் நிலப்படத்தை எடுத்து எண்ணியபோது ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் இருந்தனவென்றும், இந்தக் கணக்கிற் பார்த்தால் கருநாடகப் பகுதியிலும் தஞ்சையிலும் பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருக்குமென்றும் கூறினார். வருங்காலக் குடிகளைத் தம் மக்களாகக் கருதிய மெய்யான அரசர்கள் விட்டுச்சென்ற செல்வம் அவை என்று போற்றினார். கரை உயர்த்தவும் வாய்க்கால் தூர்வாரவும் பொருள் செலவிடாவிடின் நாடு பாழாகும் என்று எச்சரித்தார்.

ஏரியைக் காத்தல் என்பது அதனைத் தொடாதிருத்தல் அன்று. ஆண்டுதோறும் சேறு அள்ள வேண்டும். உடைந்த மதகைப் புதுக்க வேண்டும். மாற்றிக்கொள்ளும் வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் இல்லை என்னும் கருத்தையே பர்க்கு தம் நூலிலும் வற்புறுத்தினார். புரட்சியை அவர் வெறுத்ததில் குறையும் உண்டு. பிரெஞ்சுக் குடிமக்களின் பசியை அவர் போதிய அளவு காணவில்லை என்று அவர் காலத்திலேயே பலர் மறுத்தெழுதினர். ஆயினும் அவர் கொள்கைக்கு உரிய பெயர் ‘பேணுகொள்கை’ என்பதே.

‘கன்சர்வேட்டிவ்’ என்னும் சொல்லின் வேரும் அதுவே. இலத்தீனில் கேடுறாமற் காத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. அரசியற் சொல்லாக அது பரவியது பிரான்சில்; 1818-இல் சத்தோபிரியான் தொடங்கிய தாளிகைக்கு அச்சொல்லே பெயர். ஆங்கில நாட்டில் 1830 சனவரியில் வெளிவந்த பெயரிலாக் கட்டுரையொன்று தோரிக் கட்சியைப் பேணுகட்சி என்றழைப்பது பொருந்தும் என்றது. 1834 திசம்பரில் இராபர்ட்டு பீல் தாம்வொர்த்து ஊரிலிருந்து விடுத்த அறிக்கை, 1832-இன் வாக்குரிமைச் சீர்திருத்தத்தை முடிந்த முடிபாக ஏற்றுக்கொண்டு, மெய்ப்பிக்கப்பெற்ற கேடுகளைத் திருத்துவோம் என்றது. அதே பீல் 1846-இல் கூலவரிச் சட்டங்களை நீக்கியபோது அவர் கட்சியே இரண்டாகப் பிளந்தது. அன்று அவரை எதிர்த்து முழங்கிய திசுரேலி, 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை நல்கும் சட்டத்தைத் தாமே நிறைவேற்றினார். காத்தலுக்கும் மாற்றலுக்கும் இடையே நடக்கும் இழுபறியே அக்கட்சியின் வரலாறு.

இதற்கு முற்றும் வேறானது ‘ரியாக்சன்’ என்பது. வினைக்கு எதிர்வினை என்று இயற்பியலில் வழங்கிய சொல்; 1794-இல் உரோபெசுபியர் வீழ்ந்தபின் பிரான்சில் அரசியலிற் புகுந்தது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மன்னன் பத்தாம் சார்லசு. 1825-இல் பழைய முறைப்படி இரெய்ம்சு நகரில் முடிசூடிக்கொண்டான். நாட்டைவிட்டு ஓடியிருந்த உயர்குடியினர் இழந்த நிலத்துக்கு ஈடு கொடுத்தான். 1830 சூலையில் அச்சுரிமையை முடக்கி அவையைக் கலைக்க ஆணையிட்டான். பாரிசு மக்கள் மூன்றே நாளில் அவனை விரட்டினர். அவன் பேணியவன் அல்லன். ஏனெனில் பேணத் தக்கதாகக் கண்முன் இருந்ததை அவன் வெறுத்தான். இறந்துபட்டதை எழுப்ப முயன்றான். ‘பிற்போக்கு’ என்னும் தமிழ்ச்சொல் இவனுக்கே உரியது. பின் + போக்கு: பின்னோக்கிப் போதல். ஒரே இடத்தில் நிற்பவன் போகின்றவன் அல்லன். அவனைப் பிற்போக்காளன் என்றல் சொல்லிலக்கணத்துக்கே முரண். மூலச் சொல்லில் எதிர்ப்பு மட்டுமே உண்டு, திசை இல்லை. தமிழ்ச்சொல்லிலோ திசையும் உண்டு. அவ்வளவு கூரிய கருவியைக் கண்டவிடமெல்லாம் வீசி மழுக்கலாமா?

நிற்பவர்க்கும் வகையுண்டு. 1911-இல் பிரித்தானியப் பெருமக்களவையின் தடையுரிமையைக் குறைக்கும் சட்டம் வந்தபோது, கடைசி அகழியில் நின்று மடிவோமேயன்றி விட்டுக்கொடோம் என்றவர்களை ‘அகழியர்’ என்றும், பணிந்துபோவதே அறிவுடைமை என்றவர்களை ‘வேலியர்’ என்றும் அங்குள்ளோர் அழைத்தனர். இறுதியில் 131 வாக்குக்கு 114 வாக்கு என்னும் கணக்கில் சட்டம் நிறைவேறியது. அகழியரைத் தமிழில் ‘விடாப்பிடியர்’ எனலாம். 1979 முதல் 1990 வரை தலைமையமைச்சராய் இருந்த மார்கரெட்டு தாட்சரின் கடும்பொருளியலுக்கு உடன்படாத அவர் கட்சியினரை ‘ஈரமானவர்’ என்று இகழ்ந்தனர். ஆங்கிலத்தில் ஈரம் என்பது நெஞ்சுரமின்மை. தமிழிலோ ஈரநெஞ்சம் என்பது அருளுடைமை. அவ்வசையை அப்படியே மொழிபெயர்த்தால் இங்கே வாழ்த்தாகிவிடும். சொல்லாக்கம் செய்வோர் சொல்லை மட்டும் பெயர்த்தால் போதாது, அது வைக்கப்பெற்ற இடத்தையும் பெயர்த்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அமெரிக்காவுக்குச் சென்றால் சிக்கல் பெருகும். அங்கே மன்னன் இல்லை. பேணத்தக்க பழைமையென அவர்கள் கொண்டது 1787-இல் வரைந்த அரசமைப்பு. உரிமைக் கொள்கையின் குழந்தையாகிய அதனைக் காப்போர் பேணுகொள்கையர் ஆயினர்! அவர்கள் பெரிதும் போற்றும் பொருளியலறிஞர் பிரீடுரிக்கு ஆயெக்கோ, 1960-இல் வெளியிட்ட தம் நூலின் பின்னுரைக்குத் தாம் ஏன் பேணுகொள்கையர் அல்லர் என்பதையே தலைப்பாக்கினார். அரசின் கை தொழிலிலும் வாணிகத்திலும் நீளலாகாது என்பது ஒரு கொள்கை. முன்னோர் ஒழுக்கம் மாறலாகாது என்பது வேறொரு கொள்கை. முன்னது ‘தனியுடைமை உரிமைக் கொள்கை’, பின்னது ‘மரபுப்பற்று’. இரண்டும் ஒரே கட்சியில் குடியிருக்கலாம், ஒன்றாகிவிடா. 1973-இல் பொதுவுடைமைச் சார்பினரான மைக்கேல் ஆரிங்டன், தம் அணியிலிருந்து விலகிச் சென்றோரைப் ‘புதுப்பேணுகொள்கையர்’ என்னும் பொருளில் இகழ்ந்தார். இர்விங்கு கிரிசுட்டல் அப்பெயரை விரும்பி ஏற்றுக்கொண்டார். இங்கும் வசையே பட்டமாயிற்று.

பெயர் கொண்டு மயங்கலாகாது என்பதற்கு இன்னும் சில. ஆத்திரேலியாவில் வலச்சார்புடைய பெருங்கட்சியின் பெயர் ‘லிபரல் கட்சி’. சப்பானில் 1955-இல் தோன்றிய பேணுகட்சியின் பெயரில் உரிமையும் மக்களாட்சியும் உள்ளன. கனடாவில் 1942 முதல் 2003 வரை இருந்த கட்சியின் பெயரோ ‘முற்போக்குப் பேணுகட்சி’! 1991 ஆகத்து மாதத்தில் கோர்பச்சேவைச் சிறைப்படுத்தி மாசுகோவில் ஆட்சியைக் கைப்பற்ற முயன்ற பொதுவுடைமைக் கட்சியின் கடுந்தலைவர்களை மேலைச் செய்தித்தாள்கள் பழைமை பேணுவோர் என்றே எழுதின. தமிழகத்திலும் 1964-இல் பொதுவுடைமைக் கட்சி பிரிந்தபோது ‘வலது கம்யூனிசுட்டு’, ‘இடது கம்யூனிசுட்டு’ என்று மக்கள் வழங்கினர். இடமென்று உலகம் கொள்ளும் கட்சிக்குள்ளேயே ஒரு வலம்! வலமும் இடமும் அருகில் இருப்பவனை நோக்கியே அமைவன என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே, பர்க்கு கண்ட ஏரியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஊரேரியின் கரையில் ஐவர் நிற்கின்றனர். ஐவரும் ‘ஏரியைக் காக்கிறேன்’ என்றே கூறுகின்றனர்.

ஒருவன் தூர்வாரிக் கரை உயர்த்துகிறான். தேய்ந்த மதகை மாற்றுகிறான். அவன் பேணுநன்.

ஒருவன் ஏரிக்கரைத் தெய்வத்துக்குப் பொங்கலிடும் வழக்கம் நிற்கலாகாது என்கிறான். நீர்ப்பங்கீட்டில் அவனுக்கு வழக்கில்லை. அவன் மரபுப்பற்றாளன்.

ஒருவன் தந்தை விட்டபடியே இருக்கட்டும், ஒரு கூடைச் சேறும் எடுக்கலாகாது என்கிறான். அவன் நிலைநிற்பன், மிஞ்சினால் விடாப்பிடியன்.

ஒருவன் மதகின் திறவுகோலைத் தன் மடியில் முடிந்துகொண்டு, தன் வயலுக்கு மட்டும் நீர் விடுகிறான். கடைமடைக்காரன் கேட்டால் ‘இதுதான் ஊர் மரபு’ என்கிறான். அவன் ஆதிக்கங்காப்பவன். மரபு என்பது அவனுக்குப் போர்வை.

ஒருவன் நூறாண்டுக்கு முன் கடைமடைக்கு நீரே போகவில்லை, மீண்டும் அடையுங்கள் என்கிறான். அவனே பிற்போக்காளன்.

முதல்வனையும் இறுதியானவனையும் ஒரே சொல்லால் வைதால் என்ன ஆகும்? தூர்வாருபவன் மனம் நொந்து மண்வெட்டியைப் போட்டுவிடுவான். திறவுகோற்காரனோ அவன் முதுகுக்குப்பின் ஒளிந்துகொண்டு, ‘எங்கள் இருவரையும் பழிக்கிறார்கள்’ என்று அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். சொல் தவறினால் துணைவனை இழந்து பகைவனை வளர்ப்போம் என்பதை மேடையேறும் இளைஞர் நெஞ்சிற் பொறித்தல் வேண்டும்.

ஒரு மாந்தனுக்கு ஒரே பெயர் என்றும் இல்லை. இராசாசியாரைப் பாருங்கள். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1939-இல் ஒடுக்கப்பட்டோர் கோயிலில் நுழைவதற்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தார். 1953-இல் அரைநாட் பள்ளியும் அரைநாள் வீட்டுத்தொழிலும் என்று கொண்டுவந்த திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு, அவர் 1954-இல் பதவி விலகியபின் கைவிடப்பட்டது. 1959-இல் அரசின் கட்டுப்பாட்டுப் பொருளியலை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1965-இல் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். கோயில் நுழைவில் மரபை உடைத்தவர். கல்வித் திட்டத்தில் பின்னோக்கியவர். சுதந்திராக் கட்சியில் தனியுடைமை உரிமைக்கு வழக்குரைத்தவர். ஆளுக்குப் பெயரிட்டால் இவற்றுள் ஒன்று மட்டுமே தெரியும். செயலுக்குப் பெயரிட்டால் அனைத்தும் தெரியும். எதிர்க்க வேண்டியதை முழு வலிவோடு எதிர்க்கவும் அதுவே வழி.

மொழித்தூய்மை வேண்டுவோரையும் ‘பழைமைவாதிகள்’ என்று சிலர் ஒதுக்குவர். அவர்க்கு விடை சினத்தாற் கூறலாகாது. இதே அளவுகோலாற் கூறுதல் வேண்டும். மறைந்த வேர்ச்சொல்லை எடுத்துப் புதுப்பொருளுக்குப் பெயர் செய்பவன் தூர்வாருபவன். பழந்தமிழ் என்று சொல்லிக்கொண்டு பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிப்பவன் எவனாயினும், அவன் நாவில் எவ்வளவு தூய தமிழ் தவழினும், அவன் திறவுகோற்காரனே.

எனவே ‘பழைமையைக் காக்கிறேன்’ என்று எவரேனும் வந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எதைக் காக்கிறாய்? யாருக்காகக் காக்கிறாய்? எவ்வழியிற் காக்கிறாய்? விடை வந்தபின் பெயரிடுங்கள்.

அரசுக்குரிய வினைகளைத் திருவள்ளுவர் நான்காக அடுக்கினார்: பொருள்வரும் வழிகளை உண்டாக்கல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல். காத்தல் மூன்றாவதாகத்தான் நிற்கிறது, முடிவன்று. காத்துப் பகுப்பவனைப் போற்றுக. காத்தல் என்னும் பெயரால் பகுப்பைத் தடுப்பவனை எதிர்க்க. இருவர்க்கும் ஒரே பெயரிடுவதை மட்டும் இன்றோடு விடுக.